ஸ்லைடு ஓடுகிறது, பாடம் ஏறுகிறதா?

கல்லூரி வகுப்பில் எந்தத் தொழில்நுட்பம் உதவுகிறது, எது வீண் செலவு என்று கேட்டு கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பி.ஏ. பொருளியல் வகுப்புக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் 60, 70 ஸ்லைடு தயாரிக்கிறேன். புத்தகத்தில் இருக்கும் ஒரு வரிகூட விடுபடாது. ஆனால் பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். இன்டர்னலில் மார்க்கும் வரவில்லை. எங்கே தவறுகிறது?
– உதவிப் பேராசிரியை, லாஸ்பேட்டை

பதில்: ஒரு வரிகூட விடுபடாததில்தான் தவறு இருக்கிறது. திரையில் வாக்கியம் தெரிந்தால் கண் தானாகவே அதைப் படிக்கத் தொடங்கிவிடும். நீங்களும் அதையே வாசித்தால் காதுக்கும் அதே சொற்கள்தான் போகும். படிக்கிற வேகமும் பேசுகிற வேகமும் ஒன்றாக இருக்காது. மாணவர் கடைசி வரியை முடித்தபோது நீங்கள் இரண்டாவது வரியில் இருப்பீர்கள். இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே கவனம் கரைந்துவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மேயர் இதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார். படத்தோடு பேச்சு சேர்ந்தால் நன்றாகப் புரிகிறது. அந்தப் பேச்சையே எழுத்தாகவும் திரையில் ஓட்டினால் புரிதல் குறைகிறது. நம் வகுப்புகளில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவருக்கு ஆங்கிலக் கலைச்சொல் காதில் மட்டும் விழுந்தால் பிடிபடாது. அந்த ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் திரையில் போடுங்கள், வாக்கியம் வேண்டாம்.

உங்கள் பாடத்திலிருந்தே 'தேவை நெகிழ்ச்சி' ஸ்லைடை எடுத்துக்கொள்வோம்; விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு அது. வழக்கமாக அதில் வரையறை, சூத்திரம், ஐந்து வகைகள் எல்லாம் ஒன்பது வரியில் நெருக்கி நிற்கும். அதற்குப் பதில் இரண்டே வரி போதும். வஞ்சிரம் கிலோ 800 ரூபாயிலிருந்து 1,000 ஆனது, ஒரு கடையில் விற்பனை 50 கிலோவிலிருந்து 30 ஆகக் குறைந்தது. உப்பு பாக்கெட் 20 ரூபாயிலிருந்து 25 ஆனது, விற்பனை 100 பாக்கெட்டிலிருந்து 98 ஆனது. இவை கணக்குக்காக வைத்த எண்கள்தான். இரண்டிலும் விலை ஏற்றம் 25 சதவீதம். மீன் விற்பனை 40 சதவீதம் சரிகிறது, உப்பு 2 சதவீதம்தான் சரிகிறது. பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து நோட்டில் கணக்குப் போடச் சொல்லி மூன்று நிமிடம் விடுங்கள். விற்பனைச் சதவீதத்தை விலைச் சதவீதத்தால் வகுத்து 1.6, 0.08 என்ற விடைகள் அவர்கள் கையிலிருந்து வந்த பிறகு வரையறையைச் சொன்னால் அது ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த ஸ்லைடில் இரண்டு அச்சுகள், ஒரு தேவைக் கோடு, ஒரு அளிப்புக் கோடு மட்டும் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலூர் துறைமுகத்திலேயே நிற்கும், மீன் விலை ஏறும். இதில் எந்தக் கோடு நகர்ந்தது என்று கேளுங்கள். தேவைக் கோடு என்று சொல்லும் கைகள் கணிசமாக எழும். பிறகு புதிய அளிப்புக் கோட்டை நீங்களே கையால் வரையுங்கள். அனிமேஷனில் கோடு சட்டென்று குதித்து இடம் மாறிவிடும், ஏன் நகர்ந்தது என்று யோசிக்க நேரமே இருக்காது. கையால் வரையும்போது மாணவரின் பேனாவும் உங்களோடு கூடவே வரும். நிரூபணம், கணக்கு, வரைபடம் மூன்றும் பலகைக்கு உரியவை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

50 நிமிட வகுப்புக்கு எட்டு முதல் பத்து ஸ்லைடு போதும். எழுத்து 28 பாயின்டுக்குக் கீழே போகக்கூடாது. ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். விவாதம் நடக்கும்போது திரையை இப்படி அணைத்துவிட்டால் எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்.

கேள்வி: முதலாண்டு வேதியியலில் 72 பேர். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது சார்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். போனில் க்விஸ் வைக்கலாம் என்றால் சிலரிடம் ஸ்மார்ட்போன் இல்லை, சிலருக்கு டேட்டா தீர்ந்திருக்கிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் வைஃபையும் படுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– விரிவுரையாளர், கடலூர்

பதில்: மாணவர் கையில் போன் இல்லாமலே செய்யலாம். கேள்வி சரியாக இருந்தால் போதும். கருவி இரண்டாம் பட்சம். ஒரு மாதிரிக் கேள்வி தருகிறோம். நீர் தளதளவென்று கொதிக்கும்போது எழும் பெரிய குமிழிக்குள் இருப்பது என்ன? அ. காற்று. ஆ. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். இ. நீராவி. ஈ. வெற்றிடம்.

சரியான விடை இ. தவறான விடைகளுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆ சொல்பவர், கொதித்தால் மூலக்கூறே உடைந்துவிடும் என்று நினைக்கிறார். நிலை மாற்றத்துக்கும் வேதி மாற்றத்துக்கும் அவரிடம் வேறுபாடு இல்லை. அ சொல்பவர், நீர் சூடாகத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சின்னக் குமிழிகளை நினைக்கிறார். அவை உண்மையிலேயே நீரில் கரைந்திருந்த காற்றுதான். யார் எங்கே தடுமாறுகிறார் என்று விடையிலேயே தெரிந்துவிடுகிறது. 'நீரின் கொதிநிலை என்ன' என்று கேட்டால் 72 பேரும் 100 டிகிரி என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

நடத்தும் முறை இது. கேள்வியைப் போட்டதும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் தனியாக யோசிக்க வேண்டும். பிறகு நீங்கள் சொன்னவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் விடையைக் காட்ட வேண்டும். அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும். தலைக்கு மேல் தூக்காமல் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தால் பின்னால் இருப்பவர் பார்த்து எழுத முடியாது. சரியான விடை சுமார் 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் கருத்தே போய்ச் சேரவில்லை, திரும்ப நடத்துங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வார்த்தை விளக்கிவிட்டு மேலே போங்கள். இடையில் இருந்தால், வேறு விடை சொன்ன ஒருவரைப் பக்கத்தில் தேடி இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லுங்கள். "ஹைட்ரஜன் வந்தால் டீக்கடை பாய்லர் வெடித்திருக்காதா?" என்று ஒரு மாணவி கேட்பது, நீங்கள் பிணைப்பு ஆற்றலைச் சொல்வதைவிட வேகமாக வேலை செய்யும். பிறகு மறுபடி வாக்கெடுப்பு, கடைசியில் உங்கள் விளக்கம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இந்த முறைக்கு வடிவம் கொடுத்தார்.

கெடுவது வழக்கமாக மூன்று இடத்தில். முதல் வாக்கெடுப்பின் எண்ணிக்கையை உடனே திரையில் காட்டினால், எல்லோரும் கூட்டம் அதிகமான விடைக்குத் தாவிவிடுவார்கள். விவாதம் அங்கேயே செத்துவிடும். சரியான விடைக்கு மார்க் வைத்தால் காப்பி தொடங்கும். மார்க் வைத்தே தீரவேண்டும் என்றால் கலந்துகொண்டதற்கு வையுங்கள். மூன்றாவது, நேரம். ஒரு கேள்விக்கு ஆறேழு நிமிடம் போகும், ஆகவே ஒரு வகுப்புக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

எண்ணிக்கையைப் பதிவு செய்ய விரும்பினால் பிளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் கறுப்பு வடிவம் அச்சிட்ட தாள் கொடுக்கிறீர்கள். தாளை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார் என்பதே அவர் விடை. உங்கள் ஒரு போனின் கேமராவை வகுப்பு முழுக்கச் சுழற்றினால் அது எண்ணிவிடும். விரல் கறுப்பு வடிவத்தை மறைத்தால் படிக்காது. பளபளப்பாக லேமினேஷன் செய்தால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் படிக்காது. கெட்டியான சாதாரண அட்டையே நல்லது. 72 பேர் வகுப்பில் ஆளுக்கொன்று இல்லாமல் இரண்டு பேருக்கு ஒரு அட்டை என்று வைத்தாலும் சரி, மொத்தம் 36 போதும்.

கேள்வி: 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, மழை லீவு விட்டால் பாடம் நிற்கக்கூடாது என்று வகுப்புகளை முழுதாக வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறோம். ஒவ்வொன்றும் 50 நிமிடம். பத்துப் பேர்கூடக் கடைசிவரை பார்ப்பதில்லை.
– துறை ஆசிரியர்கள் சிலர், புதுச்சேரி

பதில்: வகுப்பில் 50 நிமிடம் உட்கார வைப்பது சுற்றி இருக்கும் ஆட்களும் ஆசிரியரின் பார்வையும். வீட்டில் அது இல்லை. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் பார்த்த நேரம் பொதுவாக 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. பேராசிரியர் ஸ்லைடு காட்டிப் பேசுவதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவில் மாணவர்கள் அதிக நேரம் தங்கினார்கள். இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது: வகுப்பை அப்படியே படம்பிடித்து வெட்டியதைவிட, வீடியோவுக்கென்றே திட்டமிட்டுப் பேசியது நன்றாகப் போனது.

ஆகவே ஒரு வீடியோவுக்கு ஒரே கருத்து, ஆறு நிமிடம். வெள்ளைத்தாளை மேசையில் ஒட்டி, அதற்கு 40 சென்டிமீட்டர் மேலே போனை ஸ்டாண்டில் மாட்டிக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். எடுப்பதற்கு முன் திரையில் தாளை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். கறுப்பு ஸ்கெட்ச் பேனா, பெரிய எழுத்து. படம் சுமாராக இருந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார். எனவே பணம் செலவழிப்பதானால் காலர் மைக்குக்குச் செய்யுங்கள். அதைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். காலி அறையில் எதிரொலிக்கும். திரைச்சீலையும் புத்தக அலமாரியும் உள்ள அறை நல்லது.

கோப்பின் அளவையும் கவனிக்க வேண்டும். தாளில் எழுதும் காட்சிக்கு விநாடிக்கு 500 கிலோபிட் படத்துக்கும் 64 கிலோபிட் ஒலிக்கும் போதும். ஆறு நிமிடத்துக்குச் சுமார் 25 எம்.பி. ஆகும். பாகூர், குறிஞ்சிப்பாடி பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் வீட்டிலும் அதை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளலாம். மழை நேரத்தில் கரன்ட் போய் டவரும் படுத்துவிடும் என்பதால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.

வீடியோவோடு மூன்று கேள்வி கொண்ட கூகுள் ஃபார்ம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்றாவது கேள்வி எப்போதும் 'எந்த இடம் புரியவில்லை?' என்று இருக்கட்டும். மறுநாள் வகுப்புக்கு முன் அந்தப் பதில்களைப் படித்துவிட்டு, அதிகம் பேர் தடுக்கிய இடத்திலிருந்து தொடங்குங்கள். தான் எழுதியதை ஆசிரியர் வகுப்பில் எடுத்தார் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அடுத்த வீடியோவைப் பார்க்கிற எண்ணிக்கை கூடும்.

கேள்வி: கூகுள் ஃபார்மில் டெஸ்ட் வைத்தால் எல்லோரும் 20க்கு 20. இன்டர்னலுக்கு இதை வைத்துக்கொள்ளலாமா?
– கணிதத் துறை, விருத்தாசலம்

பதில்: வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஆள் முடித்த ஐந்தாம் நிமிடம் விடைகள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்திருக்கும். வீட்டிலிருந்து எழுதும் டெஸ்ட்டை மார்க்குக்காக வைக்காமல் பயிற்சிக்காக வையுங்கள். அதற்குத்தான் அது மிகச் சிறந்த கருவி. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இரண்டாம் முறை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. இரண்டாம் முறை படிக்காமல், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். ஐந்து நிமிடத்திலேயே கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு படிப்பு பலன் தருவதுபோலத் தெரிவது இதனால்தான்.

உங்கள் கல்லூரி சர்வரில் மூடுல் இருந்தால் கணிதத்துக்கு அதை விடாதீர்கள், அது ஆன்லைனில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் இலவச மென்பொருள். 'கால்குலேட்டட்' வகைக் கேள்வியில் எண்களின் இடத்தில் மாறியைப் போட்டு, எந்த எல்லைக்குள் எண்கள் வரலாம் என்று சொல்லிவிட்டால் ஒவ்வொருவருக்கும் வேறு எண்ணில் கேள்வி வரும். விடையை அனுப்பிப் பலனில்லை, வழியைத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும். அது நமக்கு நல்லதுதானே. விடையில் எவ்வளவு சின்ன வித்தியாசம்வரை சரி என்று ஏற்பது என்பதை மறக்காமல் அமையுங்கள். இல்லாவிட்டால் 3.33 எழுதியவருக்கும் 3.333 எழுதியவருக்கும் வேறு மார்க் விழுந்து, துறை வாசலில் வரிசை நிற்கும். ஒரு தலைப்புக்கு 30 கேள்விகளாவது வங்கியில் சேர்த்து, அதிலிருந்து ஐந்து தானாக எடுக்கும்படி வையுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விடுங்கள். மார்க்குக்கான தேர்வு வகுப்பறையில், தாளில்.

கேள்வி: முதுகலை மாணவியின் ப்ராஜெக்ட்டை ஏ.ஐ. கண்டுபிடிப்பானில் போட்டால் 80 சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று காட்டுகிறது. அவர் தானே எழுதியதாக அழுகிறார். நிராகரிக்கலாமா?
– வழிகாட்டி, புதுச்சேரி

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து நிராகரிக்க வேண்டாம். அடுத்தடுத்த சொற்கள் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருக்கின்றன என்பதைத்தான் இந்தக் கருவிகளில் பலவும் பெரிதும் பார்க்கின்றன. ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்றவர் தெரிந்த சொற்களைக்கொண்டு நேராக எழுதுவார். அது அப்படியே 'ஊகிக்கத்தக்க' எழுத்தாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் ஏ.ஐ. எழுதியது என்று தவறாக வந்தது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

இதோடு இன்னொரு குழப்பமும் நடக்கிறது. யுஜிசியின் 2018 விதிமுறைகளில் வரும் 10, 40, 60 சதவீத அளவுகள், ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்திருப்பதற்கானவை. ஏ.ஐ. கருவி காட்டும் சதவீதத்துக்கு அந்த அட்டவணையைப் பொருத்துவது தவறு. அந்த மாணவியின் ஒரு வருட உழைப்பு இதில் இருக்கிறது.

பத்து நிமிடம் எதிரே உட்காரவைத்துப் பேசுங்கள். ஆய்வுக்கு மாதிரியாக இத்தனை பேரை ஏன் எடுத்தாய், மூன்றாம் அட்டவணையில் இந்த எண் ஏன் குறைந்தது, எந்தக் கேள்வியை வினாப்பட்டியலிலிருந்து நீக்கினாய் என்று கேளுங்கள். தானே செய்தவர் தடுமாறினாலும் விவரம் சொல்வார். அடுத்த ஆண்டிலிருந்து வரைவை நான்கு கட்டமாக, தேதி போட்டு வாங்குங்கள். கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் திருத்த வரலாறு தானே பதிவாகும். 40 பக்கம் ஒரே நிமிடத்தில் ஒட்டப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். அசைன்மென்ட் தலைப்பையும் மாற்றுங்கள். 'ஜிஎஸ்டியின் நன்மை தீமைகள்' என்றால் ஏ.ஐ. நொடியில் எழுதும். பெரிய மார்க்கெட்டில் மூன்று கடைக்காரரிடம் பில் போடும் முறையைக் கேட்டு ஒப்பிடச் சொன்னால், அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

கேள்வி: லேப்டாப்பில் நோட்ஸ் எடுப்பது நல்லதா, கையால் எழுதுவதா?
– பி.எஸ்சி. மாணவர், பண்ருட்டி

பதில்: கையெழுத்துதான் மேல் என்று 2014இல் வந்த ஆய்வு மிகவும் பிரபலம். பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. வகுப்பில் லேப்டாப்பில் வேறு பக்கம் போனவர்கள் தேர்வில் பின்தங்கினார்கள். அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் பின்தங்கினார்கள் என்று 2013இல் கனடாவில் நடந்த சோதனை காட்டியது. லேப்டாப் கொண்டுவருவதானால் கடைசி வரிசையில் உட்காருங்கள். எதில் எழுதினாலும், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நோட்டை மூடிவைத்து அன்றைய வகுப்பின் ஐந்து விஷயங்களை நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல்லில் ஒரு பாடத்தில் சேர்ந்திருக்கிறாள். வீடியோ பார்த்தால் சான்றிதழ் வந்துவிடுமா?
– பெற்றோர், நெய்வேலி

பதில்: வராது. வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, கண்காணிப்போடு நேரில் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் குறைந்தது 10ம் இரண்டாவதில் குறைந்தது 30ம் எடுக்க வேண்டும். வீடியோவும் அசைன்மென்ட்டும் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். கிரெடிட்டாக ஏற்கப்படுமா என்று தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இயற்பியல் லேபில் கருவிகள் பழுது. விர்ச்சுவல் லேபை வைத்தே ஓட்டிவிடலாமா?
– கடலூர் மாணவிகள்

பதில்: லேபுக்குப் போகும் முன் அது அருமையான துணை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன. பதிவிறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம். சர்க்யூட் சிமுலேஷனில் எலக்ட்ரான் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம், நிஜ லேபில் அது முடியாது. ஆனால் சிமுலேஷனில் ஒயர் ஒருபோதும் தளராது. மின்தடை அளக்கும் நிஜ மீட்டர் பிரிட்ஜில் முனை துருப்பிடித்திருக்கும், கம்பியைத் தொடும் ஜாக்கியின் அழுத்தம் மாறும், கால்வனாமீட்டர் ஒரே பக்கம் ஓடும். எங்கே தளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடுவதும் சேர்ந்ததுதான் இயற்பியல். அதை எந்தத் திரையும் கற்றுத்தராது. கருவிகளைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: துறைக்குக் கொஞ்சம் நிதி வந்திருக்கிறது. எல்லா அறைக்கும் ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார்கள். எங்கள் ப்ரொஜெக்டர்களே பாதி வேலை செய்யவில்லை.
– துறைத் தலைவர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் இருப்பதைப் பாருங்கள். கடலோரத்தில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து காற்று வடிகட்டியை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றி ப்ளோயரால் ஊதினால், ப்ரொஜெக்டர் சூடேறித் தானாக அணைவது பெரும்பாலும் நின்றுவிடும். லேம்ப் வகை ப்ரொஜெக்டரை மெயின் சுவிட்சில் அணைக்கக்கூடாது. ரிமோட்டில் அணைத்து, ஃபேன் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கரன்ட் போனால் இதே கதிதான், எனவே ஒரு கேவிஏ யுபிஎஸ் ஒன்றை அதற்கென்றே வையுங்கள். பளபளக்கும் வெள்ளைப் பலகையைத் திரையாக்காதீர்கள், நடுவில் வெளிச்சம் தெறித்து எழுத்து மறையும்.

மிச்சப் பணத்தில் முதலில் 60 பேருக்கு மேல் உள்ள அறைகளுக்குக் காலர் மைக்கும் ஸ்பீக்கரும், பிறகு ஜன்னல் திரைச்சீலை, பிறகு தாளைப் பெரிதாகக் காட்டும் டாக்குமென்ட் கேமரா. ஸ்மார்ட் போர்டு ஒரே அறையில் ஒரு செமஸ்டர் இருக்கட்டும். அதில் பேனா எடுத்து எழுதியவர் எத்தனை பேர், வெறும் ஸ்லைடு காட்டியவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்துப் பிறகு முடிவெடுங்கள். அதை மாட்டுவதற்காகக் கரும்பலகையைக் கழற்ற வந்தால் விடாதீர்கள். திரையை ஓரத்துக்குத் தள்ளி, பலகையில் குறைந்தது எட்டு அடி அகலம் மறைக்காமல் இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். ஸ்லைடு மாறினாலும், பத்து நிமிடத்துக்கு முன் எழுதிய சமன்பாடு அப்போது பலகையில் அப்படியே நிற்கும்.